உலர் எடை

நுழையும்முன்

நீரின்றி வாடும் செடியை எல்லாரும் அறிவோம். நீர் மிகுந்தும் செடி வாடும் என்பதை, வீட்டில் தொட்டிச்செடி வைத்திருப்போர் என்றேனும் ஒருநாள் கண்டிருப்பர். கால்வாயில் மதகு திறந்து மூடிய ஒருவர், தம் முதுமையில் ஒரு செடிக்கும் தமக்கும் நீர் அளக்க நேர்ந்ததை அவருடைய மகள் இக்கட்டுரையில் எழுதுகிறார்.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எங்கள் வீட்டு மணி பிளாண்ட் வாடத் தொடங்கியது. திருச்சியில் மார்ச் என்றால் காலை பத்து மணிக்கே மாடிப்படி சுடும். ஆகையால், இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டதும் எனக்கு வேறொரு காரணமும் தோன்றவில்லை. ஒரு சொம்பு நீரை ஊற்றிவிட்டுப் பள்ளிக்குப் புறப்பட்டேன். மாலையில் திரும்பியபோதும் அது அப்படியே இருந்தது. மறுபடியும் ஒரு சொம்பு. நான்கு நாளில் அடியிலைகள் இரண்டு மஞ்சளித்தன. ஆறாம் நாள் தண்டின் அடிப்பகுதி கறுத்தது. நானோ ஊற்றும் நீரைக் கூட்டிக்கொண்டே போனேன்.

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் தந்த செடி அது. கறுப்பு நிறப் பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தது. அந்தத் தொட்டியின் அழகின்மை கண்ணை உறுத்தவே, பூ வரைந்த வெண்பீங்கான் தொட்டி ஒன்றை வாங்கி, அதனுள் இதை அப்படியே இறக்கி வைத்திருந்தேன். பீங்கான் தொட்டியின் அடியில் துளை கிடையாது. தரை நனையாது என்பதால் அதை ஒரு வசதியாகவே அன்று கருதினேன். கூடத்தில், பால்கனிக் கதவை ஒட்டி, அப்பாவின் நாற்காலிக்கு அருகில் செடி நின்றது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் அந்தச் செடியைப் பற்றிச் சொல்ல இயலாது.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். கல்லணைக் கால்வாயில் ஒரத்தநாட்டுப் பக்கம் அவருக்கு வேலை. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் ஆகியவற்றோடு பிரிந்து செல்லும் நான்காவது நீர்வழி அது; மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து 1930களில் வெட்டப்பட்டது. ஊரார் இன்றும் அதைப் புது ஆறு என்றே அழைப்பர். லஸ்கரின் வேலை சொல்லளவில் எளியது. உத்தரவுப்படி மதகின் ஷட்டரை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். அளவுகோலில் நீர்மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். கரையைச் சுற்றி வர வேண்டும். அணையில் நீர் குறைந்து, முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில்தான் அவ்வேலையின் கடுமை தெரியும். தலைமடைக்காரர் வயலில் நீர் தளும்பும். கடைமடைக்காரர் நிலம் வெடித்துக் கிடக்கும். இரவில் யாரேனும் மதகைத் தூக்கிவிடுவர். அதைத் தடுக்கக் கையில் டார்ச்சோடு கரையிலேயே படுத்துறங்கிய மனிதர் அவர். உறவினர் வந்து கெஞ்சியபோதும் அரை அங்குலம் கூட்டித் திறந்ததில்லை என்று அம்மா சொல்வார். பெருமையாகவும் சொல்வார், குறையாகவும் சொல்வார்.

அம்மா மறைந்த பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். 2022இல் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்து, டயாலிசிஸ் தொடங்கியது. செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நலமாக உள்ள ஒருவரின் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, உடலுக்கு வேண்டியவற்றையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. மருத்துவர் இதை விளக்கியபோது அப்பா வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "உள்ளே இருந்த லஸ்கர் ஓய்வுபெற்றுவிட்டார், அவ்வளவுதானம்மா" என்றார்.

வெளியேற வழியில்லாத நீர் உடலிலேயே தங்கும். கால் வீங்கும், நுரையீரலில் சேர்ந்தால் மூச்சு முட்டும். எனவே அப்பாவுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் என்று அளவு வகுத்தார்கள். தண்ணீர் மட்டுமன்று, காப்பி, ரசம், மோர், கஞ்சி யாவும் அந்த ஒரு லிட்டருக்குள் அடங்க வேண்டும். பொட்டாசியம் மிகுதி என்பதால் இளநீர் அறவே கூடாது. காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய பங்கை நிரப்பி வைப்பேன். அவர் காப்பி குடித்தால் அந்த அளவுக்கு நீரைப் பாட்டிலிலிருந்து குறைத்துவிடுவேன். கோடைக்காலத்தில், டெல்டாவில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இப்படி நீர் அளந்து கொடுப்பது எத்தகைய வேலை என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை.

இங்கே 'உலர் எடை' என்னும் சொல்லையும் சொல்லிவிட வேண்டும். டயாலிசிஸ் முடிந்து, மிகை நீரெல்லாம் நீங்கிய நிலையில் உடல் இருக்க வேண்டிய எடை அது. அப்பாவின் உலர் எடை 57.5 கிலோ. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. எனவே, அடுத்த முறை செல்லும்போது எடை எவ்வளவு கூடியிருக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு நீர் உடலில் தேங்கியிருக்கிறது என்று பொருள். நாம் எதைச் சொன்னாலும் தராசு உண்மையைச் சொல்லிவிடும் என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அப்பாவின் எடை 61 கிலோ காட்டியது. மூன்றரைக் கிலோ மிகை. "ஐயாவுக்குத் தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் அங்கிருந்த செவிலியர். நான் அளந்து கொடுத்தது எனக்குத் தெரியும். ஆகவே, நான் அறியாமல் நீர் எங்கிருந்தோ போகிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் நள்ளிரவில் சமையலறைக் குழாயின் ஓசை கேட்டு எழுந்தேன். கூடத்தில் விளக்கில்லை. பால்கனிக் கதவருகே, நிறைந்த டம்ளரைக் கையில் ஏந்தியபடி அப்பா நாற்காலியில் அமர்ந்திருந்தார். எனக்குள் அச்சம்தான் முதலில் எழுந்தது. ஆனால் அது வாய்வழியே வெளிவந்தபோது சினமாகிவிட்டது.

"இப்படித் திருடிக் குடித்தால் நான் என்ன செய்ய முடியும் அப்பா?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரிம்மா, நீ போய்ப் படு" என்றார்.

எத்தனையோ இரவுகள் மதகுக்குக் காவல் இருந்த ஒருவரிடம் நான் பயன்படுத்திய சொல் எது என்பது படுக்கையில் கிடந்தபோதுதான் உறைத்தது.

காலையில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, கூடத்தைப் பெருக்கும்போது மூக்கைச் சுளித்தார். "டீச்சர், இந்தத் தொட்டியில இருந்து சாக்கடை வாடை வருது" என்றார். உள்தொட்டியைத் தூக்கினேன். ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் கனத்தது. பீங்கான் தொட்டியின் அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் கறுத்த நீர் தேங்கி நின்றது. நான் ஒரு சொம்பு ஊற்றினேன். இரண்டு சொம்பு ஊற்றினேன். ஆயினும் இவ்வளவு நீர் எப்படி வந்தது? அவரிடமே கேட்டேன். "நான் ஊத்தல டீச்சர். ஐயாவோட டம்ளருதான் தினமும் காலையில இது பக்கத்துல கிடக்கும்" என்றார்.

அப்பா நாற்காலியில் இருந்தார். நான் கேட்காமலேயே சொன்னார்: "தாகம் எடுத்தால் தூக்கம் வருவதில்லையம்மா. ஒரு டம்ளர் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். பிடித்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை."

அவர் ஒரு மிடறும் குடித்ததில்லை என்று நான் எழுத வரவில்லை. நான் கேட்கவுமில்லை. மிகைந்த மூன்றரைக் கிலோவுக்கு என் பங்கும் உண்டென்பது அடுத்த வாரம் தெரிந்தது. உப்பு மிகுந்தால் தாகமும் மிகும், உடலில் நீரும் தங்கும் என்று மருத்துவர் விளக்கினார். தயிர்ச்சோற்றுக்கு நான் அன்போடு எடுத்து வைத்த உப்பு நார்த்தங்காய் நினைவுக்கு வந்தது.

அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, சாலையோர நர்சரி ஒன்றுக்குச் செடியைக் கொண்டு சென்றேன். நர்சரிக்காரர் இலையைப் பார்க்கவே இல்லை. தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஆட்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் இறக்கி எடுத்து முகர்ந்தார். "தாகத்தில் வாடின செடி லேசா இருக்கும் டீச்சர். மண்ணு சுருங்கித் தொட்டி ஓரத்துல விலகியிருக்கும், இலை காகிதம் மாதிரி இருக்கும். அதுக்குத் தண்ணி காட்டினா சாயங்காலத்துக்குள்ள எழுந்துடும். இது மூழ்கின செடி. இலை கொழகொழன்னு இருக்கு பாருங்க. வாட்டம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். பார்த்தா தெரியாது, தூக்கினாத்தான் தெரியும்."

என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். வீட்டுக்கு வந்து, கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, அப்பாவும் நானும் எதிரெதிரே அமர்ந்தோம். தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியை வெளியே எடுத்தோம். நலமான வேர் வெளிறிய நிறத்தில், நகத்தால் அழுத்தினால் உறுதியாக இருக்கும். இங்கே பெரும்பாலான வேர்கள் பழுப்பேறி, இழுத்தால் தோல் மட்டும் உறையாகக் கழன்று வந்தன. அழுகியவற்றையெல்லாம், கொதிநீரில் கழுவிய கத்தரியால் வெட்டி நீக்கினோம். மிஞ்சியது ஒரு கைப்பிடி வேர். அவ்வளவு சிறிய வேர் இத்தனை இலைகளைத் தாங்காது என்பதால், மஞ்சளித்த இலைகளையும் நீண்ட கொடிகள் இரண்டையும் களைந்தோம். அவற்றுள் நலமாயிருந்த ஒரு துண்டை, கணு மூழ்கும்படி ஒரு கண்ணாடிப் பாட்டில் நீரில் இட்டு வைத்தேன். தாய்ச்செடி போய்விட்டாலும் ஒரு வாரிசு இருக்கட்டும் என்று.

புதிய தொட்டி, அடியில் துளையுள்ள சிறிய மண்தொட்டி. மண்ணின் சுவர் நீரைக் கசியவிட்டு உலர்த்தும். தொட்டி பெரிதாக இருந்தால், வேர் எட்டாத இடத்தில் நீர் தேங்கி மீண்டும் அழுகல் தொடங்கும். ஆதலால் வேரின் அளவுக்கே தொட்டி. செம்மண், ஆற்று மணல், தென்னைநார்க் கழிவு, கொஞ்சம் மண்புழு உரம். வேறு உரம் எதுவும் இப்போது வேண்டா என்று நர்சரிக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புண்பட்ட வேருக்கு உரம் எரிச்சலூட்டும். நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில் வைத்தோம்.

இவ்வளவையும் கை செய்தாலும், அப்பாவின் மனத்தில் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. "நெற்பயிர் மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறது, அது அழுகவில்லையே?" பாட்டிலில் இட்ட துண்டைக் காட்டி, "இதுவும் அதே செடிதானே? இது மட்டும் தண்ணீரிலேயே வளரும் என்கிறாய்" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. நான் தமிழாசிரியை. மறுநாள் எங்கள் பள்ளித் தாவரவியல் ஆசிரியரிடம் கேட்டேன்.

வேர் நீரை உறிஞ்சுவது மட்டுமன்று, அது சுவாசிக்கவும் செய்கிறது என்று அவர் தொடங்கினார். மண்துகள்களுக்கு இடையே உள்ள சிறுவெளிகளில் காற்று இருக்கும். நீர் தேங்கும்போது அந்த வெளிகள் யாவும் நிரம்பிவிடும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. வேர் மூச்சுத்திணறும். சுவாசம் குறைந்தால் ஆற்றல் குறையும். ஆற்றல் குறைந்த வேரால் நீரை மேலே அனுப்ப இயலாது. இலைகளோ நீராவிப்போக்கினால் நீரை இழந்துகொண்டே இருக்கும். உயிரணுக்களின் விறைப்பு தளர்ந்து இலை துவளும். காலடியில் நீர் நிற்க, செடி தாகத்தால் வாடுகிறது. தளர்ந்த வேரை மண்ணிலுள்ள பூஞ்சை வகைகள் தாக்க, அழுகலும் சேர்ந்துகொள்ளும். நெல்லுக்கு இத்துன்பம் இல்லை. இலையிலிருந்து வேர் வரை காற்றைக் கொண்டு செல்லும் காற்றறைத் திசுக்கள் அதன் உடலில் உண்டு. பாட்டிலில் உள்ள துண்டு, அந்த நீருக்கு ஏற்ற வேரைத் தொடக்கத்திலிருந்தே விடுகிறது. தெளிந்த நீரில் கரைந்துள்ள காற்று அதற்குப் போதும். அந்நீரை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் அவர் சொல்ல மறக்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

மணி பிளாண்ட்டின் தாயகம், பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சுப் பாலினேசியாவைச் சேர்ந்த மோரேயா என்னும் தீவு ஆகும். மரங்களைப் பற்றி ஏறும் கொடி இது. ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும் தன்மையுடையதால், கணுவுள்ள சிறு தண்டிலிருந்தும் புதிய செடியை வளர்க்கலாம். இது பூப்பது மிக அரிது.

இவற்றை அப்பாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "இதைத்தானே காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறோம்" என்றார். நெல்லுக்கும்கூட எந்நேரமும் நீர் கட்டுவதில்லை. மண் காய்ந்து, மயிரிழை போல் வெடிக்கத் தொடங்கும் வேளையில் அடுத்த பாய்ச்சல் கொடுக்கும் முறை உண்டு. நாற்பதாண்டுக்கு முன்னரே தமக்குத் தெரிந்ததைச் சொல்ல எங்கள் தாவரவியல் ஆசிரியர் இவ்வளவு சுற்றி வந்திருக்கிறார் என்பது போன்ற ஒரு சிரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

அதன்பின் செடிக்கு நீர் ஊற்றும் பொறுப்பு அப்பாவுக்குப் போயிற்று. நானாகக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். நீர் ஊற்றினால் துளை வழியே வடியும் வரை ஊற்றுவது. கால்மணி நேரம் கழித்து, அடித்தட்டில் சேர்ந்ததைக் கொட்டிவிடுவது. பிறகு மேல்மண் இரண்டங்குலம் உலரும் வரை தொடாதிருப்பது. இது நர்சரிக்காரர் கற்பித்த முறை. கிழமை கணக்கு வேண்டா என்று அவர் சொல்லியிருந்தார். வெயிலும் காற்றும் மழையும் கிழமை பார்த்து வருவதில்லை அல்லவா! அப்பா இம்முறையில் ஒரு திருத்தம் செய்தார். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது அவருக்குப் போதுமான அளவீடாகத் தோன்றவில்லை.

ஒரு காலைப்பொழுதில், எடை பார்க்கும் கருவியின்மேல் தொட்டியை அணைத்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார். "செடியோடு 61.4. செடியில்லாமல் 58.5" என்றார். டயாலிசிஸ் ஊசி ஏற்றும் இடக்கையால் பளு தூக்கக்கூடாது என்பதைச் சற்று உரக்கவே நினைவூட்டினேன். சமையலறைத் தராசை எடுத்து அவரருகில் வைத்தேன். நிறைய ஊற்றி, நீர் வடிந்தபின் தொட்டி 2.9 கிலோ. மேல்மண் இரண்டங்குலம் உலர்ந்த நிலையில் 2.4. "இதற்கும் உலர் எடை உண்டம்மா" என்றார். பழைய கணக்குப் புத்தகம் ஒன்றில் கட்டம் போட்டுக்கொண்டார். தேதி, செடியின் எடை, நீர் விட்டதா இல்லையா. அதன் அருகிலேயே தம் எடை, தாம் குடித்த அளவு. மதகடியில் எழுதிய பதிவேட்டின் அதே கையெழுத்து. அதே சிவப்பு மையில் அடிக்கோடு.

ஏப்ரல் முழுவதும் செடியில் ஒரு மாற்றமும் இல்லை. இலைகள் நான்கு; அவையும் பாதி துவண்டு நின்றன. வேர் விடும் காலத்தில் மேலே ஒன்றும் தெரியாது என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தபோதிலும், இரண்டு முறை என் கை சொம்பைத் தேடிச் சென்றது. இரண்டு முறையும் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பொறுத்திருப்பதைப்போல் கடினமான தோட்டவேலை வேறொன்றில்லை. மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள் நுனியில் சுருட்டிய பச்சைக் குழல் ஒன்று தெரிந்தது. அது விரிய எட்டு நாள் ஆயிற்று.

அப்பாவின் இரவுத்தாகம் தீர்ந்துவிடவில்லை. நார்த்தங்காயை நிறுத்தினோம். நாளின் பங்கிலிருந்து இரண்டு கரண்டி நீரை எடுத்து, சிறு பனிக்கட்டிகளாக உறையவைத்தோம். நள்ளிரவில் அதில் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு பால்கனிக் கதவருகே அவர் அமர்ந்திருப்பார். சில இரவுகளில் நானும் எழுந்து சென்று அமர்வேன். அன்று நான் சொன்ன சொல்லைப் பற்றி இருவரும் பேசியதில்லை. ஒருமுறை நான் தொடங்கினேன். "முறைக்காலத்தில் கடைமடைக்காரர்கள் என்னை இதைவிட மோசமாகத் திட்டியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு, புது ஆற்றின் ஏதோ ஒரு மதகைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

ஜூன் 12, திங்கட்கிழமை. டயாலிசிஸ் இல்லாத நாள். மேட்டூர் அணையைத் திறப்பதற்குரிய வழக்கமான நாளும் அதுவே. தொலைக்காட்சியில் மதகுகள் உயர, நுரைத்துப் பாயும் நீரில் மலர் தூவினார்கள். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். திறந்துவிட்ட நீரின் அளவைச் செய்தியாளர் சொல்லும்போது ஒலியைக் கூட்டச் சொன்னார். "கல்லணைக்கு வர மூன்று நான்கு நாளாகும், நம் பக்கம் வர இன்னும் ஆகும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அந்த உற்சாகத்தில் நானும், அருகில் இருந்த சொம்பை எடுத்துச் செடியின் பக்கம் திரும்பினேன்.

"நிறுத்தம்மா. எடை போட்டாயா?"

போட்டேன். 2.6 காட்டியது.

"இன்னும் இரண்டு நாள் முறை இருக்கிறது" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். விளம்பரம் வந்ததும் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதினார்: ஜூன் 12. மேட்டூர் திறப்பு. செடி 2.6, நீர் இல்லை. நான் 58.6, இதுவரை 550 மி.லி. பிறகு நிமிர்ந்து, மாலைக் காப்பியை அரை டம்ளருக்குப் பதில் முக்கால் டம்ளராகத் தரலாமா என்று கேட்டார். பாட்டிலைப் பார்த்துவிட்டு, தரலாம் என்றேன்.